கஞ்சி போட்ட கம்பி

குமாரவேலைக் குறை சொல்கிறவர்கள் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். காஞ்சிபுரத்தில், அதுவும் தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தவனிடம் போய், "கஞ்சி போட்டு வை" என்று சொன்னால் அவன் எதை நினைப்பான்? அரிசியைத்தான் நினைப்பான். வேறெதை நினைக்கச் சொல்கிறீர்கள்?

சொன்னவர் மனத்தில் இருந்தது அரிசி இல்லை. வினை அங்கேதான் வந்தது.

எழுபத்திரண்டாம் வருஷம், ஐப்பசி மாதம். மாகறல் பக்கம் செய்யாற்றின் குறுக்கே ஒரு பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. குமாரவேல் அங்கே ஸ்டோர் கீப்பர். பெரிய காஞ்சிபுரத்திலிருந்து தினம் சைக்கிள் மிதித்து வருவான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஸ்டோரில் ஒரு ஆணி குறைந்தால்கூட அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அண்ணன்மார் இரண்டு பேரும் தறியில்தான் இருந்தார்கள். இவனுக்குத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய கதை ஒன்றும் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆட்கள் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "இன்னா ஸ்டோரு" என்பார்கள்.

அந்த ஸ்டோரில் ஒரு பக்கம் சிமெண்ட் மூட்டை, ஆணி, கடப்பாரை. இன்னொரு பக்கம் பன்னிரண்டு கம்பிச் சுருள். சாதாரணக் கம்பி இல்லை. ஏழு உருக்குக் கம்பிகளை ஒன்றாக முறுக்கி, விரல் கனத்துக்குக் கயிறு மாதிரி செய்தது. காகிதத்தில் அதற்கு ஸ்ட்ராண்ட் என்று பேர், மேஸ்திரி தர்மன் வாயில் முறுக்குக் கம்பி. ஆர்டர் போட்டு ஒன்பது மாதம் காத்துக் கிடந்து, கப்பலில் வந்து, லாரியில் ஏறி, ஒருவழியாக ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்த சாமான்.

"இதை உத்திரத்துக்குள்ள குழாய்ல கோத்து, ரெண்டு பக்கமும் ஜாக்கி போட்டு இழுத்துக் கட்டிடுவோம்பா. கான்கிரீட் இறுகி நிக்கும்" என்று எஞ்சினீயர் வரதராஜன் முதல் நாளே அவனுக்கு விளக்கியிருந்தார். அவர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த மனுஷர். "உங்க வீட்டுத் தறியில நீளத்துக்கு இழுத்துக் கட்டற பாவு நூல் மாதிரிதான்னு வெச்சுக்கோயேன். பாவு தொளதொளன்னு இருந்தா நெய்ய முடியுமா?"

"முடியாது சார்."

"அதேதான். இது பாவு. பாலம் புடவை."

இப்படிச் சொன்னது யார்? எஞ்சினீயர். குமாரவேல் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். "சாதாரணக் கம்பியில கொஞ்சம் துரு இருந்தா தொடச்சுப் போட்டுக்கலாம். இது இழுத்த இழுப்புல வருஷக்கணக்கா நிக்கணும். துரு அரிச்சு எள்ளத்தனை பள்ளம் விழுந்தாப் போதும், என்னிக்காவது அந்த எடத்துல பட்டுனு போயிடும். மேல பஸ் போய்க்கினு இருக்கும், குமாரவேல்." அதைக் கேட்ட நாளிலிருந்து அவன் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சுருள்களைச் சுற்றிவந்து பார்ப்பான்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் வரதராஜனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கண் இரண்டும் மஞ்சளாகி, தலையை நிமிர்த்த முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். வானம் கருத்துக்கொண்டு வந்தது. துரு பிடிக்காமல் கம்பிக்குப் பூசுவதற்கென்று ஒரு எண்ணெய் உண்டு. அதன் டின்கள் மெட்ராசிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. ஜீப் கிளம்புகிற நேரத்தில் அவர் தலையை வெளியே நீட்டினார்.

"குமாரவேல், எண்ணெய்க்குக் காத்துக்கினு இருக்காதே. மழைக்கு முன்னாடி சுருள் அத்தனைக்கும் கஞ்சி போட்டு வெச்சுடு. ஒரு எடம் விடாதே."

"சரி சார்" என்றான். ஜீப் போய்விட்டது.

கட்டட வேலையில் ஊறினவர்களுக்குத் தெரியும், சிமெண்டைத் தண்ணீரில் குழம்பு பதத்துக்குக் கரைத்தால் அது சிமெண்டுக் கஞ்சி. பேச்சில் வெறும் கஞ்சி. அதைப் பூசிக் காயவிட்டால் சிமெண்டின் காரம் இரும்பைத் துரு அண்டவிடாது. ஐந்து மாத ஸ்டோருக்கு இது தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால் ஆள் வேண்டாமா? தர்மனும் மற்ற ஆட்களும் மறுநாளே தீபாவளிக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கேட்கவேண்டும் என்றும் அவனுக்குத் தோன்றவில்லை, அது வேறு விஷயம். பாவு என்றார், கஞ்சி என்றார். கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது!

"இரும்புக்கா கஞ்சி?" என்றாள் அவன் பெண்டாட்டி கமலவேணி.

"சாரு சொன்னாரு வேணி. அதுக்கு மேல இன்னா?"

கமலவேணியின் அப்பா பாவுக்குக் கஞ்சி போடுவதில் பேர்போனவர். தெருவில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல் அவர் காயவைக்கிற அழகைப் பார்க்கவே ஆள் நிற்கும். அந்த வீட்டுப் பெண் சும்மா இருப்பாளா? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். இரண்டு அண்டா அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். அப்பா வீட்டிலிருந்து தூக்கிவந்த டின்னைக் கவிழ்த்துத் தேங்காயெண்ணெயைக் குடகுடவென்று ஊற்றினாள்.

"போதும் வேணி, போதும்!"

"நீங்க கம்னு இருங்க. எண்ணெ கம்மியா இருந்தா பாவு வறண்டு பூடும். எங்கப்பா வேலையை எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தமும் கலக்கலாம் என்று குமாரவேல் நினைத்தான். தீபாவளி, கடை மூடியிருந்தது. இரண்டு நாள் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றி, பாவுக்குத் தடவுகிற பிரஷ்ஷால் தேய்த்து, பன்னிரண்டு சுருளுக்கும் கஞ்சி போட்டார்கள். ஒரு இடம் விடவில்லை. சார் திரும்பி வந்து பார்த்தால் தட்டிக்கொடுப்பார் என்று நினைத்துக்கொண்டே அவன் அன்றைக்கு சைக்கிள் மிதித்தான். பாவம்.

மறுநாள் பிடித்த மழை இருபது நாள் விடவில்லை. வேலை நின்று, ஸ்டோர் பூட்டிக் கிடந்தது.

மழை ஓய்ந்து, கார்த்திகை பிறந்து, ஆட்கள் திரும்பினார்கள். தர்மன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஸ்டோருக்குள் வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னா ஸ்டோரு இது? கம்பியில எறும்பு ஊருது?"

"கஞ்சி போட்டுக்கீறேன் இல்ல, அதான்."

"சிமெண்டுக் கஞ்சிக்கு எறும்பு எங்கனா வருமாபா?"

"சிமெண்டா?" என்றான் குமாரவேல்.

தர்மன் ஒரு நிமிஷம் அவன் மூஞ்சியைப் பார்த்தான். பிறகு வெற்றிலைச் சாறு மூக்கில் ஏறும்படி சிரித்தான். சிமெண்ட் மூட்டை மேல் விழுந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு சுருளின் மேல் காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் சுரண்டினான். உள்ளே செங்கல் பொடி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று.

"ஸ்டோரு. துருபா."

குமாரவேல் சுருள்களைத் திரும்பிப் பார்த்தான். பன்னிரண்டு சுருள். இது போனால் மறுபடி ஒன்பது மாதம். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும், பாலம் ஒரு வருஷம் நிற்கும். வேலை போவது இருக்கட்டும். ஊரே காறித் துப்புமே! கம்பிக்குக் கஞ்சி ஊட்டினவன் என்று சாகிற வரைக்கும் சொல்வார்களே!

"இத பாரு," என்றான் தர்மன். அவன் குரல் தணிந்திருந்தது. நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "வாயைத் தொறக்காதே. ஆளுங்களை வெச்சுக் கழுவித் தொடச்சிடலாம். உள்ள போயிட்டா யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியப்போகிறது. சரிதான். ஆனால் குமாரவேலின் காதில் விழுந்தது வேறு: மேல பஸ் போய்க்கினு இருக்கும். அந்த பஸ்ஸில் யார் யார் இருப்பார்களோ! "இல்லபா தர்மா, நான் சொல்லிட்றேன்" என்று சைக்கிளை எடுத்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜன் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சள் இறங்கியிருந்தது, ஆள் பாதியாகியிருந்தார். கையில் டம்ளர்.

"வாப்பா. சுருளெல்லாம் பத்திரமா?"

"கஞ்சி போட்டுட்டேன் சார்."

"நல்லது."

"அது... அந்தக் கஞ்சி இல்ல சார்."

"எந்தக் கஞ்சி இல்ல?"

குமாரவேல் டம்ளரைக் கை காட்டினான். "சிமெண்டு இல்ல சார். நீங்க குடிச்சிக்கினு இருக்கீங்களே. அது."

வரதராஜன் டம்ளரைப் பார்த்தார். குமாரவேலைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார். காமாலைக்காரருக்குப் பத்தியச் சாப்பாடு அரிசிக் கஞ்சிதான். அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அடப்பாவி" என்றார். கத்தவில்லை, கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது குமாரவேலுக்கு. "அது புளிச்சிருக்குமே! புளிப்பு இரும்பைத் தின்னுடுமே! அதுல வேற என்ன போட்டே? மயில்துத்தம் போட்டியா?"

"போடலை சார். கடை மூடிட்டான்."

"பெருமாளே!" என்று மேலே பார்த்துக் கும்பிட்டார். "அதைப் போட்டிருந்தா இரும்பை அரிச்சு அன்னிக்கே எல்லாம் முடிஞ்சிருக்கும். வேற?"

"தேங்காயெண்ணெ. ஒரு டின்னு. எம் பொண்டாட்டி ஊத்திட்டா."

"ஒரு டின்னா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ஏதோ ஒரு கணக்கு ஓடியது. "நாளைக்குக் காலைல சைட்டுக்கு வரேன்" என்றார். டாக்டர் எழுந்திருக்கக் கூடாது என்றிருக்கிறாரே என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் அண்டாவில் மறுபடி அடுப்பு மூட்டினார்கள், இந்தத் தடவை வெந்நீர் மட்டும். சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து, வெந்நீர் விட்டுக் கஞ்சியைக் கரைத்து, சாக்குத் துணியால் அழுத்தித் துடைத்தார்கள். துணி செங்காவியாக வந்தது. கம்பி? குமாரவேல் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணைத் தொறடா" என்றார் வரதராஜன்.

கம்பி பளபளவென்று இருந்தது. துரு மேலோடு பொடியாகப் படிந்திருந்ததே தவிர, உள்ளே இறங்கவில்லை. "எண்ணெய் காப்பாத்தியிருக்கு. ஆனா கண்ணை நம்பப்படாது. பள்ளம் இருக்கான்னு கையால தடவித்தான் பார்க்கணும். அங்குலம் அங்குலமா."

"நான் பார்க்கிறேன் சார்" என்றான் குமாரவேல்.

பட்டு இழையில் சின்ன முடிச்சு இருந்தால்கூடக் கட்டை விரலில் தட்டும் என்று சின்ன வயதிலிருந்து பழக்கிய விரல் அது. அன்றைக்கு உட்கார்ந்தவன் ஏழு நாள் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் துடைக்கத் துடைக்க, கம்பி அவன் விரலுக்கு நடுவில் ஓடிக்கொண்டே இருந்தது. விரல் தோல் உரிந்தது, கமலவேணி மஞ்சள் பற்றுப் போட்டாள், அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டான். ஒரு சுருள் முடிந்தது, ஒன்றும் இல்லை. இரண்டு. மூன்று. ஒவ்வொன்று முடியும்போதும் அவன் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரத்தில் ஒரு துண்டு இறங்கிற்று. ஏழாவது சுருளின் அடிப்பக்கத்தில், வடிந்த கஞ்சி தேங்கி நின்ற இடத்தில், விரல் தட்டியது. சொரசொரவென்று, எள்ளைத் தூவின மாதிரி. "சார்" என்று கூப்பிட்டான். வரதராஜன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அந்தச் சுருள் மொத்தத்தையும் தள்ளிப் போடச் சொன்னார். மீதி பதினொன்றும் சுத்தம்.

"பதினொண்ணு போதுமா சார்?"

"கூட ஒண்ணு வாங்கித்தான் வெச்சிருந்தோம். போதும். ஆனா மெட்ராஸ்ல மிஷின்ல போட்டு இழுத்துப் பார்க்கணும். பதினாறு டன் தாங்கணும். தாங்கலைன்னா தடவினது, துடைச்சது எல்லாம் வீண்."

சுருளுக்கு ஒரு துண்டாகப் பதினொரு துண்டு வெட்டி, நம்பர் எழுதிக் கட்டி, சாக்கில் சுற்றி, இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். சோதனைக்கூடத்து வாசலுக்குப் போனதுமே வரதராஜனுக்குத் தலை சுற்றியது. அங்கே இருந்த பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "நீ போய்க் குடு. கூடவே நின்னு பாரு" என்றார்.

மிஷின்காரர் குப்புசாமி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ஆசாமி. ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் துண்டின் இரண்டு முனையையும் மிஷினில் கவ்வவிட்டு, குமாரவேலைக் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் தள்ளி நிறுத்தினார். டன் காட்டுகிற முள் அந்தப் பக்கம் திரும்பி இருந்தது. மிஷின் உறுமியது. கம்பி விறைத்தது. காமாட்சித் தாயே, தாங்கட்டும், தாங்கட்டும் என்று குமாரவேல் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டமார்!

கூடமே அதிர்ந்தது. கம்பி இரண்டு துண்டாகிப் பிரிபிரியாக விரிந்து கிடந்தது.

குப்புசாமி அலட்டிக்கொள்ளாமல் ஏதோ எழுதிவிட்டு அடுத்ததை மாட்டினார். மிஷின் உறுமியது. டமார்! அதுவும் போயிற்று.

தறிக்காரனுக்கு இழை அறுந்தால் என்ன அர்த்தம்? போச்சு என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது. குமாரவேல் வெளியே ஓடி வந்தான்.

"சார்... அறுந்துட்ச்சு சார். ரெண்டும் அறுந்துட்ச்சு."

வரதராஜன் கண்ணைத் திறந்தார். "எத்தனையில?"

"எத்தனையிலயா? அறுந்தே பூட்ச்சு சார்!"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். குப்புசாமியின் நோட்டை எட்டிப் பார்த்தார். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து குமாரவேலும் அழத் தயாரானான். அவர் திரும்பினபோது பார்த்தால், சிரிக்கிறார்.

"முட்டாளே, அறுக்கத்தான்டா கொண்டாந்தோம்! அறுகிற வரைக்கும் இழுப்பாங்க. எத்தனை டன்ல அறுந்துதுங்கிறதுதான் கேள்வி. பதினாறு வேணும். முதல்ல பதினேழரை. ரெண்டாவது பதினேழே கால். புரியுதா?"

புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் குமாரவேல் அந்த எண்ணெய்த் தரையிலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வந்தது. குப்புசாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "தண்ணி வேணுமாப்பா?" என்றார்.

மூன்றாவது துண்டிலிருந்து கதையே வேறு. மிஷின் உறுமினால் குமாரவேல் பல்லைக் கடிப்பான், முள் பதினாறைத் தாண்டியதும் வரதராஜன் கட்டை விரலைத் தூக்குவார், "அறு, அறு, அறுந்து தொலை" என்று இவன் முணுமுணுப்பான். டமார்! இவன் கை தட்டுவான். பதினொன்றும் அறுந்தன. பதினேழுக்குக் கீழே ஒன்றுகூட இறங்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் அவனுக்குத் தன் ஞாபகம் வந்தது.

"சார், என் வேலை..."

"உன் வேலைக்கு என்ன?"

"ஒரு சுருளு போச்சே சார். கம்பெனியில கேட்பாங்களே."

வரதராஜன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நீ வந்து சொன்ன அன்னிக்கே கம்பெனிக்கு எழுதிட்டேன். கஞ்சின்னு சொன்னது நான். சிமெண்ட்னு சொல்லாம விட்டது நான். தறிக்காரன் வீட்டுப் பிள்ளைகிட்ட பாவு, புடவைன்னு கதை அளந்ததும் நான். கம்பி போச்சுன்னா பொறுப்பு என்னுதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு."

குமாரவேல் அவரைத் திரும்பிப் பார்த்தான். ஏழு நாள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாரே, காமாலை உடம்போடு, ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

"சொல்லியிருந்தா உன் விரல் நடுங்கியிருக்கும்" என்றார் அவர். பிறகு தூங்கிப்போனார். வழியெல்லாம் அவர் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் குமாரவேல் கையை வைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலிலேயே கமலவேணி நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அவனைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"இன்னாங்க ஆச்சு?"

"எல்லாம் அறுந்துட்ச்சு வேணி! பதினொண்ணும் அறுந்துட்ச்சு!"

"ஐயையோ!" என்று அவள் மார்பில் அடித்துக்கொண்டாள். அவன் சிரிப்பதைப் பார்த்து இன்னும் பயந்து, "யாருனா வாங்களேன், இவருக்கு இன்னாமோ ஆயிட்ச்சு" என்று கத்தினாள். நாலு வீட்டுத் தறி நின்றது. ஜனம் கூடிற்று. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, மிஷின், முள், பதினேழு டன் எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

"அப்ப வேலை இருக்குதா?" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இருக்குது. அவரு வேலையும் இருக்குது."

"அவரு வேலைக்கு இன்னா வந்துது?"

குமாரவேல் சொன்னான். கமலவேணி தோல் உரிந்த அவன் கட்டை விரலைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், அடுப்பை மூட்டி, "உக்காருங்க, சோறு வடிக்கிறேன்" என்றாள்.